பழைய ஷார்ட்வேவ் செட்டைத் திறப்பதற்கு முன்னால்

மறுபடியும் ஒரு சோனி 2001டி ரேடியோ என் ரிப்பேர் மேசைக்கு வந்திருக்கிறது. 1985-இல் வெளிவந்த செட். நிலையம் மங்கி மங்கி வந்தாலும் குரலைச் சிதையாமல் எடுத்துக்கொடுக்கும் அதன் சிங்க்ரனஸ் டிடெக்டருக்காகவே இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். இதை வாங்கியவரும் அப்படித்தான் தேடி வாங்கியிருக்கிறார். வாங்கிய கையோடு மொட்டை மாடியில் நூறடி செப்புக் கம்பி இழுத்து, அதன் நுனியைக் குரோக்கடைல் கிளிப்பில் மாட்டி, செட்டின் ஆன்டெனாவைக் கவ்வ வைத்துவிட்டார். ஒரு கோடை மழைக்குப் பிறகு ஷார்ட்வேவ் செத்துப்போனது. "அண்ணே, எஃப்.எம். நல்லா பாடுது, ஷார்ட்வேவ்ல மட்டும் ஒண்ணும் எடுக்க மாட்டேங்குது" என்றார். கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆன்டெனா சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டரான எஃப்.இ.டி. போய்விட்டது. இந்த மாடலை வைத்திருப்பவர்களுக்கு க்யூ303 என்று அதன் நம்பரே மனப்பாடம்.

இடி நேராக விழ வேண்டும் என்று அவசியமில்லை. வறண்ட காற்றடித்தாலும், மேகம் கறுத்துக்கொண்டு வந்தாலும் நீளக் கம்பியில் மின்னேற்றம் சேரும். அரையடி உயரச் செட்டுக்குள் கடுகளவு இருக்கும் அந்த எஃப்.இ.டி.யால் அதைத் தாங்க முடியாது.

பார்ட்டை மாற்றிக் கொடுத்துவிடலாம். எனக்கு மனம் ஆறாமல் செய்வது வேறு. இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் செட் சாவதற்கு முன்னாலேயே அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்: "சிக்னல் பத்தல, பூஸ்டர் போடலாம்னு இருக்கேன்." கம்பியை இன்னும் நீட்டுவது, ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவே ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பது, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரை மாற்றி "கெயின்" ஏற்றுவது எல்லாமே ஒரே தவறான எண்ணத்தில் இருந்துதான் வருகின்றன. ஷார்ட்வேவில் கேட்கவில்லை என்றால் செட்டுக்கு உணர்திறன் போதவில்லை என்ற எண்ணம்.

தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எஃப்.எம்.மிலும் அதற்கு மேலேயும் செட் தானே உண்டாக்கும் இரைச்சல்தான் எல்லை. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிலும் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, கதையே வேறு. அங்கே வானத்திலிருந்தும் உங்கள் வீட்டிலிருந்தும் வரும் இரைச்சல், செட்டின் சொந்த இரைச்சலைவிட எவ்வளவோ அதிகம். எல்.இ.டி. பல்பின் டிரைவர், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், டி.வி.யின் பவர் சப்ளை, மாடிப்படி விளக்கு எல்லாமே சின்ன டிரான்ஸ்மிட்டர்கள். பூஸ்டர் போட்டால் நிலையமும் ஏறும், இரைச்சலும் அதே அளவு ஏறும். மீட்டர் முள் வலது பக்கம் சாயும், காதுக்கு ஒன்றும் புதிதாகக் கேட்காது. சந்தைக்கடை நடுவில் நின்று எதிரே இருப்பவர் பேசுவது புரியவில்லை என்று காதுக் கருவியின் வால்யூமைக் கூட்டுவது போலத்தான். அதற்கு மேல், பக்கத்தில் இருக்கும் வலுவான நிலையங்கள் முதல் கட்டத்தையே திணறடித்து, இல்லாத இடத்தில் எல்லாம் பாட ஆரம்பிக்கும். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸ் மீடியம்வேவ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பூஸ்டர் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

உணர்திறன் போதுமா என்று பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். நிலையம் இல்லாத காலி இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். ஆன்டெனாவை மடக்கி வைத்து இரைச்சலைக் கேளுங்கள். இப்போது முழுதாக இழுத்து விடுங்கள், வெளி ஏரியல் இருந்தால் மாட்டுங்கள். இரைச்சல் தெளிவாக ஏறுகிறதா? அவ்வளவுதான். வெளி இரைச்சலையே கேட்கும் அளவுக்குச் செட் கூர்மையாக இருக்கிறது. அதற்கு மேல் கூர்மையாக்கி ஒரு பயனும் இல்லை. ஏறவே இல்லையென்றால் அது பழுது. பழுதைப் பார்க்க வேண்டுமே தவிர அதன் தலையில் பூஸ்டரை ஏற்றக்கூடாது.

வாங்கும்போதே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பாதிக் கேஸ் என்னிடம் வராது. விற்கிறவர் எஃப்.எம்.மைப் போட்டுக் காட்டுவார், பளிச்சென்று பாடும். அதற்கும் ஷார்ட்வேவுக்கும் சம்பந்தமே இல்லை. மீடியம்வேவும் பல செட்டுகளில் உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடில் எடுக்கிறது, அதையும் நம்பாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கான்கிரீட் கட்டடத்துக்குள், பட்டப்பகலில், 49 மீட்டர் பேண்டில் திருப்பிவிட்டு "செட் சரியில்லை" என்பதும் நியாயம் இல்லை. பகலில் அந்த பேண்டை வானமே உறிஞ்சிவிடும். பகலில் 19 மீட்டர், 16 மீட்டர் பாருங்கள். இருட்டிய பிறகு 31, 41, 49. இரவில் 10000 கிலோஹெர்ட்ஸில் சீனாவின் பி.பி.எம். நேர நிலையம் டிக் டிக் என்று வினாடிக்கு ஒரு துடிப்பு விடும். அது டயலில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் அளவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு ஏமாற்று: "இந்த செட் பவர்ஃபுல் சார், ஒரே ஸ்டேஷனை ரெண்டு இடத்துல பிடிக்கும்." அது குறை. வரும் சிக்னலைச் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசைதான் ஐ.எஃப். அது 455 கிலோஹெர்ட்ஸாக இருக்கும் சாதாரண செட்டில், 9700-இல் இருக்கும் நிலையம் அதன் இரு மடங்கான 910 தள்ளி 8790-லும் நிழலாகக் கேட்கும். நிழல் எவ்வளவு பலமோ அவ்வளவு மட்டமான முன்கட்டம்.

பெரியவர்களின் வீட்டில் இருந்து வருகிறவர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை. "ராத்திரி தமிழோசை வர்ற இடத்துல ஒண்ணுமே வரலப்பா" என்று செட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றது. ரேடியோ ஆஸ்திரேலியா அதே வருடம் ஜனவரி கடைசியிலேயே ஷார்ட்வேவை விட்டுவிட்டது. செட் மேல் குற்றமில்லை. அப்பா, தாத்தா செட்டை ரிப்பேருக்கு அனுப்பும் பிள்ளைகள் முதலில் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள், பிறகு சீன வானொலி வரும் இடத்தை வைத்துச் சோதியுங்கள்.

மாடிஃபிகேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷார்ட்வேவில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. யேசூ (Yaesu) கம்பெனியின் எஃப்.ஆர்.ஜி.-7 போன்ற எழுபதுகளின் செட்டில் ஏ.எம். ஃபில்டர் அகலம், பக்கத்து நிலையம் உள்ளே வழியும். அதற்குக் குறுகிய செராமிக் ஃபில்டர் போடுவது அர்த்தமுள்ள வேலை. குரல் கொஞ்சம் மந்தமாகும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபில்டரின் இரு பக்க இம்பீடன்ஸும், அதாவது மின் எதிர்ப்பும், பொருந்தினால்தான் அது சொன்னபடி வேலை செய்யும். கையில் கிடைத்ததைப் பற்றவைத்துவிட்டு, சத்தம் குறைந்துபோனதும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் (ஐ.எஃப்.டி.) கோர்களை இரும்பு ஸ்குரு டிரைவரால் திருகி, கோர் உடைந்து துண்டாக உள்ளே கிடக்க, அதற்குப் பிறகுதான் இங்கே கொண்டு வருகிறீர்கள். அந்தக் கோர் தானாகத் திரும்பாது. ஃபாக்டரியில் மெழுகு வைத்து நிறுத்தியது அப்படியே இருக்கும். அதைத் தொடாதீர்கள்!

சோனி எஸ்.டபிள்யூ.55, 77 மாதிரி செட்டுகளில் மாடிஃபிகேஷன் பற்றி யோசிக்கும் முன் போர்டைப் பாருங்கள். அந்தக் காலச் சின்ன எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் கசிந்து போர்டின் செப்பு டிராக்கை அரித்திருக்கும். சால்டரிங் அயன் வைத்தால் கருவாட்டு நாற்றம் வரும். சத்தம் குறைந்து கரகரப்பது அதனால்தான். அவற்றை மாற்றியதும் செட் பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு மாடிஃபிகேஷனே வேண்டாம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள்.

வால்வு செட் வாங்கியவர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டில் உலோகச் சேசிஸிலேயே 230 வோல்ட் நிற்கலாம். பிளக்கைத் திருப்பிச் செருகினாலே அந்த ஆபத்து வந்துவிடும். அதற்கு எர்த் கம்பி இழுப்பதும், திறந்த செட்டைத் தொட்டுப் பார்ப்பதும் உயிரோடு விளையாட்டு. பல வருடம் பரணில் கிடந்ததை நேராக லைனில் போடாதீர்கள். பழைய பேப்பர் கண்டன்சர்களை, முக்கியமாக அவுட்புட் வால்வுக்குப் போகும் கப்ளிங் கண்டன்சரை மாற்றிவிட்டு, செட்டோடு ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டிய சீரிஸ் பல்ப் போர்டு வழியாக முதல் மின்சாரம் கொடுங்கள். லைனில் இருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவர் அந்த வேலையில் கை வைக்கவே கூடாது.

கம்பி ஏரியல் வேண்டும் என்றால் போடுங்கள், இருபதடி போதும். ஏரியலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், மின்னேற்றம் சேராமல் வடிந்துகொண்டே இருக்கும். கேட்டு முடித்ததும் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். மேகம் கறுத்தால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கழற்றுங்கள். பூஸ்டருக்குச் செலவு செய்யும் முன், ஒரு நாள் ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, பேட்டரியில் செட்டைப் போட்டுக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த சார்ஜர் குற்றவாளி என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஏற்கனவே திறந்துவிட்டீர்களா? பரவாயில்லை. கழற்றிய பார்ட்டை எறியாதீர்கள். ஃபில்டரோ டிரான்சிஸ்டரோ, உடைந்த கோர் துண்டாக இருந்தாலும் சரி, ஸ்குருக்களோடு ஒரு கவரில் போட்டுச் செட்டுடன் கொண்டு வாருங்கள். எந்த வயரை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டால், என் வேலை பாதியாகும், உங்கள் பில்லும் குறையும்.