மலைச்சரிவில் வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் மண்சரிவு அறிக்கை

இலங்கையின் மலையகத்தில் வீடு கட்டுகிற பலர் வேலையைத் தொடங்கும் வரிசை ஒன்றுதான். முதலில் மண் வெட்டும் இயந்திரமான பெக்கோவைப் பிடித்து மேட்டை வெட்டித் தரையைச் சமமாக்குவார்கள். அப்புறம் மேசனைப் பார்ப்பார்கள். சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகு, யாரோ சொன்னார்கள் என்று பிரதேச சபைக்குப் போவார்கள். "என்.பி.ஆர்.ஓ. அறிக்கை எங்கே?" என்று அங்கே கேட்கும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். அதற்குள் மலை வெட்டப்பட்டுவிட்டது. வெட்டிய மண்ணை எந்த அறிக்கையாலும் பழையபடி ஒட்டவைக்க முடியாது.

விதி இதுதான். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை முதலான மாவட்டங்கள் மண்சரிவு அபாயம் உள்ளவையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. 2011இல் வந்த சுற்றறிக்கைக்குப் பிறகு, இந்த மாவட்டங்களில் அபாயமுள்ள பகுதியில் கட்டடம் கட்டுவதானால், உள்ளூராட்சி மன்றம் அனுமதி தருவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு வேண்டும். அந்த நிறுவனத்தைத்தான் எல்லோரும் என்.பி.ஆர்.ஓ. என்கிறோம்.

இதை இன்னொரு முத்திரை, இன்னொரு அலைச்சல் என்று நினைப்பவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாடெங்கும் சரிவுகள். மண் எங்கே நகரும் என்பதை ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லும் அறிவு நம் நாட்டில் இருக்கிறது. அது நம் வாசலுக்கு வரும் வழி இந்த அறிக்கைதான்.

விண்ணப்பம் போகும் பாதை

முதலில் போக வேண்டியது உங்கள் பிரதேச சபைக்கு. நகரமானால் நகர சபை அல்லது மாநகர சபை. காணி உரிமைப் பத்திரம், நில அளவைப் படம், வீட்டு வரைபடம், இடத்துக்கு வரும் வழி ஆகியவை கையில் இருக்கட்டும். அபாயப் பகுதி என்றால் விடயம் என்.பி.ஆர்.ஓ.வின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பார்.

"வரைபடத்தில் எங்கள் ஊர் அபாயப் பகுதியில் இல்லையே, எதற்குப் பார்க்க வர வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாவட்ட அளவிலான அபாய வரைபடம் 1:50,000 அளவுத்திட்டத்தில் போடப்பட்டது. அதில் 1 மில்லிமீற்றர் என்றால் நிலத்தில் 50 மீற்றர். 7 பேர்ச் காணியின் ஒரு பக்கம் சுமார் 13 மீற்றர்தான். ஆகவே வரைபடத்தில் உங்கள் காணி கால் மில்லிமீற்றர், பேனா முனையில் மறைந்துவிடும். சில இடங்களுக்கு 1:10,000 அளவிலும் படம் உண்டு. அதில்கூட உங்கள் வீட்டுக்குப் பின்னால் பக்கத்துக் காணிக்காரர் வெட்டிய பத்தடி மேடு தெரியாது. அதனால்தான் ஒருவர் நேரில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வருகிற அதிகாரி உங்கள் காணியை மட்டும் பார்ப்பதில்லை. மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே போகிறது, பழைய சரிவின் தடம் தெரிகிறதா என்று பார்ப்பார். அவரோடு கூடவே நடந்துபோங்கள். மழைக்காலத்தில் எங்கே ஊற்று கிளம்பும் என்று உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் அனுமதி கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து மறைத்தால், அந்த ஊற்றின் மேல்தான் உங்கள் பிள்ளைகள் படுத்துத் தூங்குவார்கள்.

பதில் மூன்று விதமாக வரலாம்: கட்டலாம், இன்ன நிபந்தனைகளோடு கட்டலாம், கட்டக் கூடாது. நடுவில் உள்ளதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "அனுமதி கிடைத்துவிட்டது" என்ற சந்தோஷத்தில் நிபந்தனைப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. வடிகான், தாங்கு சுவர், வெட்டும் உயரம் என்று அங்கே எழுதியிருப்பவை ஆலோசனை அல்ல, அனுமதியின் பகுதி. அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து மேசனின் கையில் கொடுங்கள்.

சரிவை அளப்பதும் வீட்டைத் திருப்புவதும்

அறிக்கையில் வருகிற நிபந்தனைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரிய, உங்கள் நிலத்தின் சாய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாக 1 மீற்றர் நீளமுள்ள நேரான ஒரு பலகையை எடுத்து, ஒரு நுனியைச் சரிவின் மேல்பக்கத்தில் வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பலகையை மட்டமாகப் பிடித்து, மறு நுனியிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளவுங்கள். 30 சென்ரிமீற்றர் வந்தால் 30 வீதச் சரிவு, கிட்டத்தட்ட 17 பாகை. 58 சென்ரிமீற்றர் வந்தால் 30 பாகை. அந்த அளவுக்குச் செங்குத்தான இடமென்றால், வீட்டுக்கு வேறு இடம் தேடுங்கள் என்பதே என் யோசனை.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டங்களில் கட்டப்படும் வீட்டையே உதாரணமாக எடுப்போம். அது 550 சதுர அடி. நீளம் 27.5 அடி, அகலம் 20 அடி என்று வைத்துக்கொள்ளலாம். 17 பாகைச் சரிவில் நீளப்பக்கம் சரிவின் குறுக்கே, அதாவது தேயிலை நிரை போகிற திசையில் இருந்தால், வீட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நில மட்ட வித்தியாசம் சுமார் 6 அடி. அதே வீட்டைத் திருப்பி, நீளப்பக்கம் மேலும் கீழுமாக வந்தால் வித்தியாசம் எட்டடிக்கு மேல். வீடு மாறவில்லை, செலவு கூடவில்லை. நீளப்பக்கத்தைச் சரிவின் குறுக்கே போட்டாலே இரண்டடிக்கு மேல் வெட்டு குறைகிறது.

அந்த 6 அடியையும் எப்படிச் சமாளிப்பது என்பது அடுத்த கேள்வி. முழுவதையும் பின்னால் வெட்டினால் அடுக்களை ஜன்னலுக்கு நேரே ஆளுயர மண்சுவர் நிற்கும். பின்பக்கத்தில் நடக்கவும் கான் போடவும் நாலடி விட்டால் வெட்டு இன்னும் ஓரடிக்கு மேல் கூடும். பாதியை வெட்டி, அந்த மண்ணை முன்னால் கொட்டி நிரப்பினால் வெட்டு 3 அடியாகக் குறையும். ஆனால் நிரப்பிய மண் எவ்வளவுதான் இடித்தாலும் பழைய மண் ஆகாது, மழைக்கு இறங்கும். முன்பக்கச் சுவரின் அத்திவாரம் நிரப்பிய மண்ணைத் தாண்டி, அசையாத பழைய மண்ணில் போய் உட்கார வேண்டும். முன் விறாந்தையில் விரிசல் விட்ட வீடுகளைப் பார்த்தால், பலவற்றில் கோளாறு இந்த இடத்தில்தான்.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. வீட்டையே இரண்டு படியாக்குவது. படுக்கையறைகள் மேல் தட்டில், விறாந்தையும் அடுக்களையும் மூன்றடி கீழே, நடுவில் ஐந்தாறு படிகள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் படி சிரமம்தான், மறுக்கவில்லை. என்றாலும் மலையை இவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்யும் வீடு வேறில்லை. இன்னும் செங்குத்தான இடத்தில் முன்பக்கத்தைக் கொங்கிரீட் தூண்களில் நிறுத்தலாம். ஆனால் அதைப் பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். கண் அளவில் செய்கிற வேலை அல்ல அது.

தண்ணீர்

மண்சரிவு என்று பேசினாலும் உண்மையில் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். மண் துளைகளுக்குள் தண்ணீர் நிரம்பும்போது மண்மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம் குறைகிறது, எடையும் கூடுகிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 550 சதுர அடிக் கூரை சுமார் 51 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் கூரையிலிருந்து மட்டும் 5,100 லீற்றர் இறங்கும். கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் சுவர் ஓரத்து மண்ணுக்குள் போகிறது. பீலி போட்டு, குழாயால் இறக்கி, சீமெந்துக் கானில் விட்டு, இயற்கையாகத் தண்ணீர் ஓடும் ஓடைவரை கொண்டுபோக வேண்டும். பாதிவழியில், கீழ்வீட்டுக்காரரின் மேட்டில் விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு மேலே, வெட்டு விளிம்புக்கு அப்பால், மேலிருந்து வருகிற தண்ணீரைத் திருப்ப இன்னொரு கான் வேண்டும்.

தாங்கு சுவரைத் தள்ளி விழுத்துவதும் பெரும்பாலும் அதன் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். அதற்காகத்தான் சுவரில் குழாய்த்துளைகள் வைக்கிறோம். என் உறவினர் ஒருவரின் வீட்டில் துளைகளெல்லாம் ஒழுங்காக வரிசையாக இருந்தன. குச்சியை விட்டுப் பார்த்தேன், நாலு விரல் ஆழத்தில் நின்றுவிட்டது. சுவருக்குப் பின்னால் சல்லி போடாமல் வெறும் களிமண்ணைத் தள்ளியதில் எல்லாம் அடைத்துக் கிடந்தன. மழை பெய்த மறுநாளும் அந்தத் துளைகள் காய்ந்தே இருந்தன. சுவரைக் கட்டும்போதே பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லி நிரப்பினால் இந்தக் கதி வராது.

மலசலகூடக் குழியையும் மறக்க வேண்டாம். அது நாள்தோறும் மண்ணுக்குள் தண்ணீர் விடுகிறது. வெட்டு மேட்டின் தலையிலோ, தாங்கு சுவரின் முதுகிலோ அதைத் தோண்டாதீர்கள்.

லயனில் இருப்பவர்களுக்கு

பத்திரம் கையில் இல்லாதவருக்கு விண்ணப்பத்தின் முதல் வரியே தடை. அதனால் லயன் அறைக்குப் பின்னால் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அடுக்களை இறக்குவது யாரையும் கேட்காமலே நடக்கிறது. இடநெருக்கடி அப்படி, குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முழம் வெட்டினாலும் மலைக்கு அது வெட்டுத்தான். வெட்டுவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலோ எழுத்தில் கேளுங்கள். புதிய வீடமைப்புத் திட்டத்தில் காணி ஒதுக்கப்பட்டால், அந்த இடத்துக்கு என்.பி.ஆர்.ஓ. அறிக்கை இருக்கிறதா என்று பயனாளியாகிய நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

ஏற்கெனவே கட்டிக் குடியிருப்பவர்கள் சுவரிலோ முற்றத்திலோ விரிசலைக் கண்டால், அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு கீறிப் பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள். அடுத்த வாரம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் மண் நகர்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக மூடிய கதவு இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, புதிதாக ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று கலங்குவது எல்லாம் அதே செய்திதான்.

24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்கச் சொல்லும் என்.பி.ஆர்.ஓ.வின் மஞ்சள் எச்சரிக்கை, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகச் சொல்லும் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் உடனே வெளியேறச் சொல்லும் சிவப்பு. விரிசல் கோட்டைத் தாண்டிய வீட்டில் இருப்பவர் சிவப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்கு முன் வெளியேறிவிடுங்கள்.