புகைக்குள் தாலி, மாலையில் ஃபோகஸ்

ஆவணியில் ஒரு முகூர்த்தம், விடியற்காலை நாலரை மணி. ஓம குண்டத்தில் நெய் விட்டு மணவறை முழுக்கப் புகை. கெட்டிமேளம் கேட்டதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்து அட்சதை போட, மூன்று முடிச்சுக்குள் நான் எடுத்தது பதினான்கு படம். கேமராத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், மாலையில் உள்ள சம்பங்கியை இதழ் இதழாக எண்ணலாம்; பெண்ணின் கண் மட்டும் பஞ்சு மாதிரி கிடக்கிறது. புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா), வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கும்மிருட்டிலும் ஃபோகஸ் பிடிக்கும் என்று விளம்பரத்தில் ஒரு மைனஸ் எண்ணைப் பார்த்து வாங்கியது.

அந்த எண் ஈவி கணக்கு, அதாவது வெளிச்சத்தின் அளவு. ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) 1, ஒரு வினாடி ஷட்டரில் படம் சரியாக வந்தால் அந்த வெளிச்சம் 0 ஈவி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகும். பௌர்ணமி நிலவில் தெரியும் வயல்வெளி ஏறக்குறைய மைனஸ் 3. நம் மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/125 என்று எடுக்கிறோமே, அது 5 ஈவி. ரிசப்ஷனில் விளக்கை அணைத்துவிட்டு ஜோடியை உள்ளே அழைத்து வரும்போதுகூட 2 ஈவிக்குக் கீழே போவது அபூர்வம். 2012-இல் வந்த கேனன் 5டி மார்க் 3-க்கே மைனஸ் 2 வரை கொடுத்திருந்தார்கள். எண்ணை மட்டும் நம்பினால் யாருக்கும் எந்த மண்டபத்திலும் ஃபோகஸ் தவறக் கூடாது.

தவறுகிறது. ஏனென்றால் அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன. கேனன் ஆர்6-இன் மைனஸ் 6.5 என்பது எஃப் 1.2 லென்ஸ், நடுப் புள்ளி, அசையாத பொருளுக்கான ஒன் ஷாட் ஃபோகஸ் முறை. அறை வெப்பம் 23 டிகிரி என்றுகூடப் போட்டிருக்கும் (ஓம குண்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்கிறார்கள்!). சோனி ஏ7 4-இன் மைனஸ் 4, எஃப் 2 லென்ஸுக்கு. எஃப் 1.2-க்கும் எஃப் 2-க்கும் நடுவே மட்டும் ஒன்றரைப் படி இருக்கிறது. ஆக இரண்டரைப் படியாகத் தெரியும் வித்தியாசம் உண்மையில் ஒரு படிதான். நீங்கள் எஃப் 4 ஜூம் மாட்டினால் இரண்டிலும் இன்னும் இரண்டு படி போச்சு. முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிப்பது அதற்கும் முன்பே தடுமாற ஆரம்பிக்கும். அதற்குத் தனி எண் பெரும்பாலும் போடுவதில்லை.

இன்னொன்று, ஃபோகஸுக்கு வெளிச்சத்தைவிட முக்கியம் விளிம்பு. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற கோடு வேண்டும். புகை அதைத்தான் அழிக்கிறது. பின்னால் எல்இடி திரை எரிந்தால் முகம் இருண்டு, திரைதான் கேமராவை இழுக்கும். அப்புறம், பெரும்பாலான மிரர்லெஸ்களில் சென்சார் மேலேயே இருக்கும் ஃபோகஸ் புள்ளிகள் இடமும் வலமும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் படுத்த கோடுகள் அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. மாப்பிள்ளை நெற்றியில் மூன்று பட்டை விபூதி பளிச்சென்று இருந்தும் புள்ளி அங்கே பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடுவது இதனால்தான். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், டக்கென்று பிடிக்கும். 2022-இல் வந்த ஓஎம்-1 போன்ற சிலதில் இரண்டு திசையும் பார்க்கும் புள்ளிகள் உண்டு.

அன்று வேலையைக் காப்பாற்றியது என் உதவியாளர் தம்பிதான். அவன் கையில் இருந்தது பழைய டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி உள்ள கேமரா. அவனுடைய ஃப்ளாஷ் ஃபோகஸுக்காகச் சிவப்புக் கோடுகளை முகத்தில் அடிக்கிறது. இருட்டில் விளிம்பே இல்லாத இடத்தில் அதுவே விளிம்பாகிவிடுகிறது. என் ஃப்ளாஷிலும் அதே விளக்கு இருக்கிறது, ஆனால் என் மிரர்லெஸ் அதை எரியவே விடாது. பல மிரர்லெஸ்களில் இதுதான் நிலைமை, கடையில் யாரும் சொல்வதில்லை.

இப்போது கேமரா மாற்றுவதாக இருந்தால் நண்பரிடம் ஒரு இரவு இரவல் வாங்கிவிடுகிறேன். பூஜை அறையில் ஒரே ஒரு குத்துவிளக்கு. கறுப்புச் சட்டையில் என் பையன். இரண்டு கேமராவிலும் அதே எஃப் எண், அதே ஷட்டர். அவன் வாசலில் இருந்து என்னை நோக்கி நடக்க வேண்டும், தொடர்ந்து முப்பது படம். பிறகு விளக்குக்கு முன்னால் நிற்க வைத்து இன்னொரு முப்பது. எல்லாவற்றையும் கணினியில் நூறு சதவீதத்தில் பார்த்து இமை முடி தெரிகிறதை மட்டும் எண்ணுகிறேன். கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்வதில்லை. ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்காமல் சோதிப்பதும் இல்லை: நிக்கான் இசட்6-க்கு 2019-இல் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டே ஃபோகஸ் எல்லையை மைனஸ் 2-இலிருந்து மைனஸ் 3.5-க்கு இறக்கியது.

அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தில் இருப்பது தம்பி எடுத்த படம். பெண்ணின் அப்பா அதைப் பார்த்து என்னைத்தான் பாராட்டினார். தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.