தேர்ந்து தெளிதல்: ஒரு சொல் விளக்கம்

மகளுக்கு ஒரு வரன் வரும்போதும், மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும்போதும் கிறிஸ்தவ வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இது தேவசித்தந்தானா?" என்பது. அதற்கு விடை காணும் முயற்சியை ஆங்கிலத்தில் 'டிஸ்சர்ன்மெண்ட்' என்பார்கள். நம் சபைகளில் இதற்கும் 'வழிநடத்துதல்' என்ற சொல்லையே பயன்படுத்திவிடுகிறோம். ஆனால் வழிநடத்துதல் கடவுளின் செயல். அவர் நடத்தும் வழி எதுவென்று கண்டுகொள்வது நம்முடைய செயல். அந்தச் செயலுக்கு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது: தேர்ந்து தெளிதல்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் வினை 'டிஸ்செர்னெரே'. அதில் உள்ள 'செர்னெரே' என்பதற்குச் சலித்துப் பிரித்தல் என்பதே அடிப்படைப் பொருள். தமிழில் 'தெள்ளுதல்' என்பதும் முறத்திலிட்டுக் கொழித்தலையே குறிக்கும். தெளிவு, தெளிதல் ஆகிய சொற்களும் அந்தத் 'தெள்' என்னும் அடியைச் சேர்ந்தவை. முறத்தில் அரிசி கொழித்தவர்களுக்கு இதன் நுட்பம் தெரியும். உமி வேறாகத் தெரிவதால் புடைத்தாலே பறந்துவிடும். கல்லோ பல வேளைகளில் அரிசியின் நிறத்திலேயே இருக்கும். முறத்தை மெல்லப் பக்கவாட்டில் அசைத்து அசைத்துத்தான் அதை ஒதுக்க முடியும். வாழ்க்கையில் நம்மைத் திணறவைப்பவையும் தீமை என்று வெளிப்படையாகத் தெரிபவை அல்ல, நன்மையைப் போலவே தோன்றுபவைதாம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நெருக்கமான வினை 'டொகிமாஸோ'. நாணயமும் உலோகமும் நல்லவைதானா என்று சோதித்தறிவதற்கும் வழங்கிய சொல் அது. லூக்கா 14-ஆம் அதிகாரத்து உவமையில், "ஐந்தேர்மாடு கொண்டேன், அதைச் சோதித்துப்பார்க்கப்போகிறேன்" என்று ஒருவன் விருந்துக்கு வராமல் சாக்குச் சொல்கிறானே, அங்கும் இதே வினைதான். மாட்டைப் பார்த்தால் மட்டும் போதாது, நுகத்தில் பூட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும். பவுல் ரோமர் 12:2-இல் தேவசித்தத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்த வினையையே கையாள்கிறார். அதைத் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'பகுத்தறியத்தக்கதாக' என்றும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் புதிய மொழிபெயர்ப்பு 'தேர்ந்து தெளிவீர்கள்' என்றும் தருகின்றன.

பகுத்தறிதல் பிழையான சொல் அன்று. ஆனால் கடந்த நூற்றாண்டில் பெரியாரின் இயக்கத்தால் அது வேறொரு கருத்தோடு இறுகப் பிணைந்துவிட்டதால், சபையில் சொல்லும்போது கேட்போர் மனம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் லூக்கா 12:56-இல் வரும் 'நிதானித்தல்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. அவசரமின்மையும் அளந்தறிதலும் அதில் ஒன்றாக இருக்கின்றன. எனினும் இன்றைய பேச்சில் 'நிதானம்' என்றால் பொறுமை என்ற அளவில் பொருள் சுருங்கிவிட்டது. ஆகவே 'தேர்ந்து தெளிதல்' என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

'தெளிந்து தேர்தல்' என்று மாற்றிச் சொல்வோரும் உண்டு. முதலில் தெளிவு, பிறகு தெரிவு என்பது அவர்கள் கருத்து. என் மனம் முந்தைய வரிசையையே ஏற்கிறது. தேர்தல் என்பது தேர்ந்தெடுப்பது மட்டுமன்று, ஆராய்வதும் ஆகும். 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்" என்று ஆராய்ச்சியை முன்னும் நம்பிக்கையைப் பின்னும் வைத்தார். அவர் சொன்னது ஆட்களைத் தேர்வதைப் பற்றி என்றாலும், முறை இதற்கும் பொருந்தும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதில் தேர்தல் என்ற பகுதியே இல்லை. வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசித்து, ஜெபித்து, விசுவாசத்தில் மூத்தவர்களோடு பேசி, குடும்பத்தின் நிலையையும் நம் உள்நோக்கத்தையும் ஒளிக்காமல் எடைபோட்டுப் பார்ப்பதே தேர்தல்.

தெளிதலுக்குக் காலம் வேண்டும் என்பதை, போர்வீரராயிருந்து பின்பு இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம் காட்டுகிறது. 1521-இல் பாம்பலோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, வீரப் புகழைப் பற்றிய கனவுகள் இனித்துவிட்டுப் பின்பு மனத்தை வறட்சியில் விடுவதையும், கிறிஸ்துவையும் புனிதர்களையும் பின்பற்றும் எண்ணங்கள் மறைந்த பின்னரும் மகிழ்ச்சி தங்குவதையும் அவர் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்த நெறிகளுள் ஒன்று, உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில் முன்பு செய்த நல்ல முடிவை மாற்றாதே என்பது. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றித் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால், மண் அடியில் படியும்வரை அந்தக் குடத்தை யாரும் அசைப்பதில்லை.