தரவு வேகமா, பிட் வீதமா?

தொலைத்தொடர்புத் தடங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘டி1 தடத்தின் வேகம் 1.544 மெகாபிட்’ என்றே ஓயாமல் எழுதி வருகிறார்கள். ‘நொடிக்கு’ என்ற சொல் விடுபட்டது சோம்பல், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘வேகம்’ என்றது கருத்துப் பிழை. (டி1, இ1, இ3 என்பன பல குரல் அழைப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கடத்தும் இலக்கமுறைத் தடங்களின் பெயர்கள்.)

இதற்கு ஆங்கிலத்தில் ‘பிட் ரேட்’ என்று பெயர். ‘ரேட்’ என்பது கணக்கிட்டு வகுத்த பங்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘பிட்’ என்பது இரும இலக்கம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 1948-இல் வெளியான தம் கட்டுரையில் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன் அச்சொல்லைப் புள்ளியியலாளர் ஜான் டூக்கியின் ஆக்கம் என்று குறித்திருக்கிறார். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

வேகம் என்றால் தொலைவும் காலமும் சேர்ந்த அளவு. ஒரே வகைக் கம்பியில் குறிகை (சிக்னல்) ஓடும் வேகம், அது இ1 தடமானாலும் இ3 தடமானாலும், ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது ஒரு நொடிக்குள் எத்தனை பிட்டுகள் அடுக்கப்படுகின்றன என்பது. இதைச் சொல்லத் தமிழில் ‘வீதம்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ‘ஆளுக்கு மூன்று வீதம்’ என்று பங்கிடும் அதே சொல்லைக் கொண்டு, ‘உள்தடத்திற்கு 64,000 பிட் வீதம் 32 உள்தடங்கள்’ என்று எழுதினால் இ1-இன் 20,48,000 பிட் தானாகவே கிடைத்துவிடுகிறது. டி1-உம் அப்படித்தான்: குரல்தடத்திற்கு 8 பிட் வீதம் 24 தடங்களுக்கு 192 பிட், அவற்றுடன் சட்டக (எல்லாக் குரல்தடங்களின் பிட்டுகளையும் ஒருமுறை அடுக்கிய தொகுதி) அடையாளத்துக்கு ஒரு பிட், ஆக 193; நொடிக்கு 8,000 சட்டகம் வீதம் 15,44,000. ‘வேகம்’ என்று எழுதுபவருக்கு அந்த ஒற்றைப் பிட் எங்கிருந்து வந்தது என்று விளக்க வழியே இல்லை. பதினாறு இ1 தடங்களைச் சேர்த்தால் 32.768 மெகாபிட் வருகிறது. இ3 தடத்தின் வீதமோ 34.368 மெகாபிட். எஞ்சிய 1.6 மெகாபிட் ஒத்திசைவுக்கும் சட்டக அமைப்புக்கும் செலவாகிறது என்பதை ‘பதினாறு மடங்கு வேகம்’ என்ற தொடர் மறைத்துவிடுகிறது.

தூய தமிழ் என்ற பெயரில் பிட்டை ‘நுண்மி’ என்றும் எட்டு பிட் கொண்ட பைட்டை ‘எண்ணுண்மி’ என்றும் ஆக்கியவர்களோடும் எனக்குப் பிணக்கு உண்டு. ‘எண்’ என்பது எட்டா, இலக்கமா என்று சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘தீநுண்மி’ என்று கிருமியைச் செய்திகளில் படித்துப் பழகிய கண்ணுக்கு ‘நொடிக்கு 20 லட்சம் நுண்மி’ என்பது நோய்ச் செய்தியாகவே படும். ‘நுண்மி’, ‘எண்ணுண்மி’ இரண்டும் உச்சரிப்பில் நெருங்கி நிற்பது அதைவிடப் பெரிய குறை. எட்டு மடங்கு வேறுபடும் அளவுகளுக்கு ஒன்றோடொன்று குழம்பும் பெயர்களைச் சூட்டுவதைவிட, பிட், பைட்டு என்றே எழுதிவிடுவது மேல். தனித்தமிழ் அன்பர்கள் சினந்தாலும் சரி.

மொழிபெயர்ப்பாளர்களின் கைங்கரியம் இத்துடன் முடிவதில்லை. ஆங்கிலச் சுருக்கத்தில் பிட்டுக்குச் சிற்றெழுத்தும் பைட்டுக்குப் பேரெழுத்தும் நிற்கின்றன. அந்த வேறுபாடு தமிழ் எழுத்துக்கு இல்லை என்பதை மறந்து இரண்டையும் ‘எம்.பி.’ என்று எழுதிவிடுகிறார்கள். டி1 தடம் நொடிக்கு 1,93,000 பைட்டுகளையே கடத்தும். அதை 15 லட்சம் பைட்டு என்று நம்பிய வாசகர், கோப்பு வந்து சேரவில்லையே என்று தடத்தை நொந்துகொள்கிறார். இன்னும் சிலர் இ1-இன் 2,048 கிலோபிட்டைக் கண்டதும் அது (கிலோ என்றால் 1,024 என்று கொள்ளும்) நினைவக அளவு போலத் தோன்றுவதால் 1,024-ஆல் பெருக்கி, நொடிக்கு 49,152 பிட்டுகளைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்கள். கடத்தும் வீதத்தில் கிலோ என்பது ஆயிரமே; 2,048 என்ற எண் 32-ஐ 64-ஆல் பெருக்கியதால் வந்தது.

ஆகவே ‘பிட் வீதம்’ என்றே எழுதுக. சுருக்கம் தேவைப்படும் அட்டவணைகளில் ‘மெ.பிட்/நொடி’, ‘மெ.பைட்டு/நொடி’ என்று பிட், பைட்டு என்ற சொற்களைக் குறைக்காமல் விடுக.