துட்டு: ஒரு செப்புக் காசின் பெயர்

துட்டு, பெயர்ச்சொல். முதற்பொருள், முன்பு வழங்கிய சிறு செப்பு நாணயம், வழிப்பொருள், பணம். அகராதி இந்த இரண்டைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்களுக்கோ இது நாளில் பத்து முறையாவது வாயில் வரும் சொல். கரையில் மீன் ஏலம் முடிந்ததும் "துட்ட எண்ணி வச்சிட்டுக் கூடையத் தூக்கு" என்று ஒரு குரல் எழும். கடைக்குப் போகும் பிள்ளையை "மிச்சத் துட்டு பத்திரம்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் துட்டு என்ற நாணயத்தைக் கையில் வாங்கிச் செலவழித்தவர் ஒருவரும் இல்லை. அந்த நாணயம் எது, யாருடையது, அதன் பெயருக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

நாணயத்தின் பெயரை அரசு மாற்றும்போது மக்கள் வாய் என்ன செய்கிறது என்பதைக் காண 1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை நல்ல நாள். அன்றுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு பைசா, ஒரு பைசாவுக்கு மூன்று பை. ஆக ரூபாய்க்கு 192 பை. 1955-இல் திருத்தப்பட்ட நாணயச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்து, ரூபாயை நூறாகப் பகுத்து, ஒவ்வொரு கூறுக்கும் நயா பைசா என்று பெயரிட்டது. பழைய பைசாவோடு மயங்காதிருக்கவே 'புது' என்று பொருள்படும் 'நயா' முன்னால் சேர்ந்தது; 1964 ஜூன் 1 முதல் அந்த அடைமொழி நீங்கிற்று. வெண்கலத்தில் வட்டமான ஒரு பைசா, நிக்கல் கலவையில் விளிம்பு நெளிந்த இரண்டு பைசாவும் பத்துப் பைசாவும், சதுரமான ஐந்து பைசா என்று புது நாணயங்கள் வந்தன. ஒன்பது பையாக, அதாவது முக்காலணாவாக, இருந்த அஞ்சலட்டையின் விலை ஐந்து நயா பைசா ஆயிற்று. இந்திய வரைபடம் அச்சிட்ட புதிய அஞ்சல் தலை வரிசையும் அன்றுதான் வெளிவந்தது. பழைய காசுகள் உடனே செல்லாமற்போகவில்லை. சில ஆண்டுகள் இரண்டு கணக்கும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் கிடந்தன.

தொல்லை அங்கேதான் தொடங்கிற்று. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50, பன்னிரண்டணாவுக்கு 75 என்பதில் சிக்கல் இல்லை. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரும். காலுக்கு நாணயம் இல்லாததால் ஆறு என்று கொண்டார்கள். இரண்டணாவுக்குரிய பன்னிரண்டரையில் அரையை விட்டுப் பன்னிரண்டு என்றும், மூன்றணாவுக்குரிய பதினெட்டே முக்காலை ஏற்றிப் பத்தொன்பது என்றும் மாற்று அட்டவணை சொல்லிற்று. பதினாறு அணாவை ஒவ்வொன்றாகக் கொடுத்து மாற்றியவருக்கு ஒரு ரூபாய்க்கு 96 நயா பைசாதான் கிடைக்கும். உச்சிப்புளிப் பக்கம் ஓலைக்கொட்டானில் கருவாடு வைத்து விற்ற எங்கள் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். காணாமற்போகும் அந்த நான்கு பைசாவைத் தாமே கண்டுபிடித்து, நாலணாவாகச் சேர்ந்தால்தான் புதுக்கணக்கு, அதுவரை பழைய கணக்கே என்று வாங்க வந்தவர்களிடம் பிடிவாதமாக நின்றாராம். அந்த ஆண்டைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இந்தக் கதைதான். "பேரு என்னவா இருந்தா எனக்கென்ன, துட்டு கொறையுதுல்ல" என்று முடிப்பார். அணாவும் பைசாவும் நயா பைசாவும் அரசு வைத்த பெயர்கள். அவர் வாயில் மூன்றும் துட்டு.

இப்படிக் குறைகிற தொகைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. ஒரு காசை மாற்றும்போது அதன் தரக்குறைவுக்காகப் பிடித்துக்கொள்ளும் கழிவை வாசி என்றார்கள். திருவீழிமிழலையில் நாள்தோறும் பெற்ற காசுக்குக் கடையில் கழிவு பிடித்ததால்தான் சம்பந்தர் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார் என்பது மரபு. அப்பத்தாவின் வழக்கும் அதுவே. அவரிடம் தேவாரம் மட்டும் இல்லை.

அந்த நாளில் இந்தக் கரைக்கு நெருக்கமானது இலங்கை வானொலி. போட் மெயில் ரயிலில் வந்து தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போகும் காலம் அது. 1964 டிசம்பர் புயல் அந்த வழியை அடித்துக்கொண்டு போகும்வரை கொழும்பு இங்குள்ளவர்களுக்கு வெளியூர்தானே தவிர வெளிநாடாகத் தோன்றியதில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இலங்கையில் ரூபாய் 1872-லேயே நூறு சதமாகப் பகுக்கப்பட்டுவிட்டது. ஆகவே கொழும்பில் கடை வைத்துவிட்டுத் திரும்பிய கீழக்கரைக்காரருக்கு நூற்றுக்கணக்குப் புதிதன்று. நூறு என்ற பொருளுள்ள வடசொல்லான சதத்தை நாணயப் பெயராக்கி, பணம் முழுவதையும் 'காசு' என்றும் 'சல்லி' என்றும் சொல்லும் ஈழவழக்கும் அவர்களோடு கப்பலில் வந்து போயிற்று. சல்லியும் சிறு நாணயத்தின் பெயரே. மாட்டின் கொம்பில் கட்டிய சல்லிக்காசுதான் ஜல்லிக்கட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனித் துட்டின் பிறப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதை டச்சு மொழியின் 'டொய்ட்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. நெதர்லாந்தில் வழங்கிய மிகச் சிறிய செப்பு நாணயம் அது. எட்டு டொய்ட் ஒரு ஸ்டைவர், இருபது ஸ்டைவர் ஒரு கில்டர், ஆக ஒரு கில்டருக்கு 160. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆசிய வாணிகத்துக்கென்றே 1726 முதல் தனி டொய்ட்டுகளை அடிக்கச் செய்தது. ஏறத்தாழ மூன்று கிராம் எடை, இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். ஒரு பக்கத்தில் பெரிய 'வி' எழுத்தின் இரு கால்களிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்த கம்பெனி முத்திரையும் ஆண்டும் இருக்கும். மறு பக்கத்தில் அதை அடித்த மாநிலத்தின் கேடயச் சின்னம். சேலாந்து மாநிலத்துக் காசில் அலைகளுக்கு நடுவிலிருந்து பாதியுடல் தெரிய ஒரு சிங்கம் எழும். கடலோரத்தில் புழங்கிய காசுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது.

டச்சுக்காரர்களைத் தமிழர் ஒல்லாந்தர் என்றும் உலாந்தாக்காரர் என்றும் அழைத்தனர். அவர்கள் 1658-இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தபோது, இரண்டு பக்கத்துக்கும் நடுவே கிடந்த கரை ராமநாதபுரத்து அரசர்களான சேதுபதிகளுடையது. பாம்பன் கால்வாய் வழியாகத் தோணி போக வேண்டுமானாலும், சங்கும் முத்தும் துணியும் வாங்க வேண்டுமானாலும் ராமநாதபுரத்தின் இசைவு வேண்டும். அதனால் சில காலம் உடன்படிக்கை, சில காலம் சண்டை என்று அந்த உறவு நடந்தது. கீழக்கரையில் அவர்களுக்கு வணிக நிலையமும் இருந்தது. கூலிக்கும் சில்லறை வாணிகத்துக்கும் கைமாறிய செப்புக் காசின் பெயர் இங்கே தங்கியதில் வியப்பில்லை. வல்லின மெய்யில் முடியும் அயற்சொல்லுக்குக் கடைசியில் உகரம் சேர்த்து ஒலிப்பது தமிழ் வாய்க்கு இயல்பு. நோட்டும் பிளேட்டும் அப்படித்தான் ஆயின. கக்கூசு என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்தான். அவர்களுக்கு முன்னால் வந்த போர்த்துகீசியர் விட்டுப்போன ஏலம் என்ற சொல்லும் இவர்களுடைய துட்டும் இன்று ஒரே மீன் கூடையைச் சுற்றிப் பேசப்படுகின்றன.

இந்தப் பிறப்பை ஐயுற ஓர் இடம் உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல், டகரம் சற்று மெலிந்து, நாணயத்தையும் பணத்தையும் குறிக்கிறது. ஒல்லாந்தர் கடைவீதி வைத்திராத கன்னட உள்நாட்டில் அது எப்படி வேர்விட்டது என்று கேட்டு, இதைத் திராவிடச் சொல்லாகவே கொள்ள வேண்டும் என வாதிடலாம். எனக்கு அந்த வாதம் முழு நிறைவைத் தரவில்லை. நாணயம் நடந்து போகும் பொருள். சந்தைக்குச் சந்தை அது போகும்போது பெயரும் கூடவே போகும். மேலும், ஒல்லாந்தர் நெடுங்காலம் ஆண்ட இந்தோனேசியாவில் இன்றும் தெருப்பேச்சில் பணத்துக்கு 'டுயிட்' என்றே பெயர். அங்கும் நாணயம் மறைந்து பெயர் மட்டும் பணமாக நிற்கிறது. ஒரே பெயர், ஒரே பொருள்மாற்றம், இரண்டு கரைகளிலும் ஒரே வணிகக் கம்பெனி. இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

ஒல்லாந்தர் போன பிறகு பெயர் ஆங்கிலேயரின் செப்புக் காசுகள்மேல் ஏறிக்கொண்டது. இடத்துக்கு இடம் இரண்டு பை மதிப்புள்ளதையும் நான்கு பை மதிப்புள்ளதையும் துட்டு என்றார்கள். நான்கு பைக் கணக்கில் மூன்று துட்டு ஓர் அணா. பிறகு குறிப்பிட்ட மதிப்பும் உதிர்ந்து, சில்லறை எல்லாம் துட்டாகி, கடைசியில் நூறு ரூபாய்த் தாளும் துட்டாயிற்று.

தமிழ் நிகர்ச்சொல் கேட்டால் பலரும் உடனே பணம் என்பார்கள். பொதுப்பொருளுக்கு அது தவறில்லை. ஆனால் பணமும் முன்பு ஒரு நாணயத்தின் பெயர், அதுவும் பெரும்பாலும் சிறு பொன் நாணயத்தின் பெயர்; செப்புச் சில்லறையாகப் பிறந்த துட்டுக்கு அது சற்று உயர்ந்த இடத்துச் சம்பந்தம். காசு என்பதே சரியான நிகர். அது நாணயத்தையும் குறிக்கும், கைப்பணத்தையும் குறிக்கும்; 'கையிலே காசு, வாயிலே தோசை' என்ற பழமொழியில் துட்டைப் போட்டுப் பார்த்தாலும் பொருள் சிதையாது. சோழர் கல்வெட்டுகளில் காசும் ஈழக்காசும் கொடையாக எழுதப்பட்டுள்ளன. போர்த்துகீசியர் இந்தக் காசைத்தான் 'காய்ஷா' என்று எழுதினர். அதையே ஆங்கிலேயர் நம் நாட்டுச் சிறு நாணயத்துக்குப் பெயராக்கிக் 'கேஷ்' என்றனர். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் அதுவன்று. அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் ஒன்றாக்கி, உலகத்தின் கேஷ் எல்லாம் நம் காசு என்று மகிழ்வதை விட்டுவிடலாம்.

அணாவுக்கும் தமிழ் இருந்தது. பதினாறில் ஒன்றைக் குறிக்கும் மாகாணி, வீசம் என்ற பின்னப் பெயர்கள் திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாடாகவே ஒப்பிக்கப்பட்டன. எட்டில் ஒன்று அரைக்கால், நான்கில் ஒன்று கால் என்று அந்தப் படிகள் ரூபாயின் அணாக் கணக்கோடு அப்படியே பொருந்தின. பெயர் இந்தியிலிருந்து வந்தாலும் கணக்கு அயலாகத் தோன்றாததற்கு அதுவே காரணம். நயா பைசாவுக்குப் புதுக்காசு என்பது சொல்லுக்குச் சொல் நேரான பெயர்.

எழுத்தில் எதை ஆள்வது என்றால், கட்டுரையிலும் கணக்கேட்டிலும் அறிவிப்பிலும் காசு, பணம், சில்லறை என்பவை போதும். கடற்கரைக்காரர் ஒருவர் பேசுவதை எழுதும்போது துட்டைத் திருத்திக் காசு என்று மாற்றுவது அவர் வாயை மாற்றுவதாகும். தீயவன் என்ற பொருளில் வரும் துட்டன் என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது வடமொழித் துஷ்டன்.

காசு என்ற சொல்லுக்கு நாணயத்தைவிடப் பழைய பொருள் ஒன்று உண்டு. குறுந்தொகையின் 67-ஆம் பாடலில், கிளி தன் வளைந்த அலகில் கவ்விய வேப்பம்பழம், புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தில் பற்றிய பொன்னணியின் ஒற்றைக் காசைப் போல இருக்கிறது என்று வருகிறது. அங்கே காசு என்பது கோக்கப்படும் மணி. அப்பத்தாவின் சுருக்குப்பையில் கடைசிவரை இருந்தது 1940-களில் அடித்த ஓட்டைக் காலணா ஒன்று. எங்கள் தலைமுறையில் குழந்தை பிறந்தபோதெல்லாம் அதை எடுத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டுவார். "துட்டுக் கட்டியாச்சு, பிள்ளைய இனி எறக்கி விடு" என்பார்.