உங்கள் குழந்தையை ஆய்வில் சேர்க்கக் கேட்டால்

இதயம் பலவீனமாக உள்ள கைக்குழந்தையை டிஸ்சார்ஜ் செய்யும் நாளில், எங்கள் வார்டு நர்ஸ் அம்மாவை உட்கார வைத்து ஒரு வேலை சொல்லிக்கொடுப்பார். இதயத்தின் பளுவைக் குறைக்கும் எனாலாப்ரில் மருந்தின் 2.5 மி.கி. மாத்திரை ஒன்றை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நைசாகப் பொடிக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் 5 மி.லி. எடுத்துக் கலக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் 0.8 மி.லி. உறிஞ்சி, குழந்தையின் கன்னத்து ஓரமாக மெல்ல விட வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். நாலு கிலோ குழந்தைக்கு அந்த வேளைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது 0.4 மி.கி. அவ்வளவு சிறிய மாத்திரை நம் ஊர் மருந்துக் கடையில் கிடையாது. பொடி அடியில் தங்கினால் மருந்து குறையும், அடிமண்டியோடு உறிஞ்சினால் கூடும். கூடினால் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். படித்தவர், படிக்காதவர் என்று இல்லாமல் அம்மாக்கள் இதை அவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள். ஆனால் இவ்வளவு பெரிய பொறுப்பை இரண்டு ஸ்பூன்களை நம்பி அவர்கள் தலையில் வைக்கிறோமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு உறுத்தும்.

இந்த நிலைமைக்குக் காரணம் உண்டு. குழந்தைகளுக்கு நாங்கள் எழுதும் இதய மருந்துகள் பலவும் பெரியவர்களுக்காகத் தயாரானவை, பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்தவை. குழந்தைக்கு எவ்வளவு, எந்த வடிவத்தில், எவ்வளவு நாள் என்று கண்டுபிடிக்க யாராவது குழந்தைகளிடமே ஆய்வு செய்தாக வேண்டும். ஐரோப்பாவில் அதைச் செய்தார்கள். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து, நாக்கில் வைத்தால் கரைந்துவிடும் 0.25 மி.கி. எனாலாப்ரில் குட்டி மாத்திரையை, இதயச் செயலிழப்பு உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, பாதுகாப்பானதா என்று கண்காணித்தார்கள். 2023-இல் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. பெற்றோர் சிலர் கையெழுத்துப் போட்டதால்தான் அந்த மாத்திரை வந்தது.

இங்கே அதே கையெழுத்தைக் கேட்டால் வரும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: "எங்க புள்ளைய வச்சு டெஸ்ட் பண்ணப் போறீங்களா டாக்டர்?" கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளைமேல் உள்ள அக்கறைதான் அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆய்வு நடக்காத மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும்போதும் சோதனைதான் நடக்கிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் கண்காணிப்பதும் இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

1950-களில் குளோராம்பெனிகால் பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்த ஆன்டிபயாட்டிக். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் அதையே கொடுத்தார்கள். குழந்தைகளின் வயிறு உப்பியது, உடல் சாம்பல் நிறமானது, ரத்த அழுத்தம் விழுந்தது, இறந்தார்கள். 1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் மருந்து வாங்கிய குழந்தைகளையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மருந்தே கொல்கிறது என்று தெரிந்தது. பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் திறன் இன்னும் வந்திருக்காது. சிறுநீரகமும் மெதுவாகத்தான் வெளியேற்றும். எடைக்குத் தகுந்தபடி அளவைக் குறைத்துவிட்டால் போதும் என்ற கணக்கு அங்கே தவறிப்போனது.

இதய மருந்திலும் இதே பாடம் உண்டு. கார்வெடிலால் பெரியவர்களின் இதயச் செயலிழப்பில் உயிர் காக்கும் மருந்து. குழந்தைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினோம். 161 குழந்தைகளைச் சேர்த்து அமெரிக்காவில் செய்த ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. மருந்து வாங்கியவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள். மருந்தில்லா மாத்திரை வாங்கியவர்களிலும் பாதிக்கு மேல் தேறினார்கள்! பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மாரடைப்பால் இதயம் பலவீனமாகும். குழந்தைகளுக்கு இதயத் தசை நோய், வைரஸ் தொற்று, பிறவிக் கோளாறு என்று காரணங்களே வேறு. சில குழந்தைகளின் இதயம் தானாகவே தேறிவிடும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் இருந்திருந்தால், தேறிய குழந்தைகளையெல்லாம் காட்டி மருந்துக்குத்தான் பெருமை சேர்த்திருப்போம். நான் மேலே சொன்ன எனாலாப்ரிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் இரண்டு கீழறைக்குப் பதில் ஒன்றே வேலை செய்யும் நிலையில் பிறந்த 230 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், அவர்களின் வளர்ச்சிக்கோ இதயச் செயல்பாட்டுக்கோ அது உதவவில்லை என்று 2010-இல் தெரிந்தது. எல்லா இதயக் குழந்தைக்கும் ஒரே மருந்து என்று எழுதிக் கொடுப்பதை அந்த முடிவு கேள்விக்குள்ளாக்கியது.

என் மனதை மிகவும் அசைத்த ஆய்வு ஒன்று ஆப்பிரிக்காவில் நடந்தது. கடும் காய்ச்சலோடு கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து வரும் குழந்தைக்கு உடனே வேகமாக சலைன் ஏற்ற வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்தோம். கையும் அப்படியே பழகிவிட்டது. மருத்துவர் கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையிலான குழு கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சரிபார்த்தது. வென்டிலேட்டர் வசதி இல்லாத மருத்துவமனைகள் அவை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மலேரியா. வேகமாகத் திரவம் ஏற்றியவர்கள் பிழைப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் சலைன் வேகமாக ஏற்றிய குழுவில் 10.5 சதவீதம், அப்படி ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். ஆய்வைத் தனியாகக் கண்காணித்து வந்த பாதுகாப்புக் குழு 2011 ஜனவரியில் ஆய்வை நிறுத்தச் சொன்னது. கூடுதலாக நிகழ்ந்த மரணங்களில் பெரும்பகுதி ரத்த ஓட்டம் சரிந்ததால் வந்தவை என்று பின்னர் அலசியபோது தெரிந்தது. பல வருடங்களாக உலகம் முழுக்க நல்லது என்று நம்பிச் செய்த ஒன்று, அந்தச் சூழலில் நூறில் மூன்று குழந்தைகளைப் பறித்திருக்கிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வாந்தி பேதியால் உடம்பில் தண்ணீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நல்ல செய்தி தந்த ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் நோய். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து, சில வாரம் கழித்து மூட்டு வீங்கி, கடைசியில் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல். "21 நாள் ஊசி" என்று பெற்றோர் சொல்லும் பெனிசிலின் ஊசி இதற்குத்தான். ஊசி வலிக்கும். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. அதனால் பாதியில் விட்டுவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு மூச்சு வாங்குகிறது என்று வரும்போது வால்வு சுருங்கியிருக்கும். சரி, வெளியே ஓர் அறிகுறியும் இல்லாமல், எக்கோ என்னும் இதய ஸ்கேனில் மட்டும் வால்வில் ஆரம்பக் கட்ட மாற்றம் தெரியும் குழந்தைக்கு இந்த ஊசி போட வேண்டுமா? வெகுகாலம் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. வட உகாண்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எக்கோ எடுத்தார்கள். அதில் ஆரம்பக் கட்டப் பாதிப்பு உள்ள 5 முதல் 17 வயதுவரையான 818 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் ஊசி போட்டார்கள். ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம் பேருக்கு. போடாதவர்களில் 8.2 சதவீதம். 2021-இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு, ஆரம்பக் கட்ட மாற்றம் உள்ள குழந்தையின் பெற்றோரிடம் நான் தயங்காமல் பேச முடிகிறது.

கவாசாகி நோயிலும் அப்படித்தான். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு என்று வரும் அந்த நோயில் இதய ரத்தக்குழாய் பலூன்போல் வீங்குவது, இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை ஊசி வழியாகக் கொடுத்தால் 23 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைகிறது என்று 1986-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இன்று எந்தக் குழந்தை மருத்துவரும் அந்த ஊசியை எழுதத் தயங்குவதில்லை.

இனி உங்கள் பக்கம் வருவோம். ஆய்வு என்றாலே புது மருந்து இல்லை. இங்கே நாங்கள் கேட்பதில் பலவும் எக்கோ படங்களையும் ரத்தப் பரிசோதனை விவரங்களையும் பதிவு செய்து, சில வருடம் தொடர்ந்து பார்ப்பதுதான். எதுவாக இருந்தாலும், படிவத்தை நீட்டியதும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதிய தாளைக் கையில் வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய், வீட்டுப் பெரியவர்களிடமும் வேறு ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள். நடுராத்திரியில் ஐசியூ வாசலில் வேறு நாலு படிவங்களோடு சேர்த்து ஆய்வுப் படிவத்தையும் நீட்டிக் கையெழுத்து வாங்கியதாகப் பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது ஒப்புதலே ஆகாது. அப்படிப் போட்ட கையெழுத்தை மறுநாளே திரும்பப் பெறலாம். எப்போது விலகினாலும் குழந்தையின் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

பிறகு கேளுங்கள்: ஆய்வில் சேராவிட்டால் என் குழந்தைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் அதில் என்ன மாறும்? எந்தக் குழுவில் வரும் என்பதை யார் முடிவு செய்வது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல ஆய்வுகளில் பதில், யாரும் இல்லை என்பதுதான். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கம்ப்யூட்டர் பிரிக்கும். அது பலருக்கு மனசுக்கு ஒப்பாது. ஆனால் டாக்டர் தனக்குப் பிடித்த குழந்தைகளை ஒரு பக்கம் சேர்த்துவிடாமல் தடுப்பது அதுதான். எத்தனை தடவை ரத்தம் எடுப்பீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. மருந்து ஆய்வில் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். பாதிப்பு ஆய்வால் வந்தது என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும். மருந்து ஆய்வுகளுக்கான நம் நாட்டு 2019-ஆம் ஆண்டு விதிகள் இதைச் சொல்கின்றன.

சி.டி.ஆர்.ஐ. எண், அதாவது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கான எண், என்ன என்று கேட்கவும் மறக்காதீர்கள். மருந்து, சிகிச்சைமுறை போன்றவற்றைச் சோதிக்கும் ஆய்வுகள் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் இணையதளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சொல்லத் தடுமாறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் உங்கள் தாளிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் குழந்தை. நம் நாட்டு வழிகாட்டுதலின்படி 7 வயதுக்கு மேல் குழந்தையிடமும் சம்மதம் கேட்க வேண்டும், 12-க்கு மேல் எழுத்தில். இதை ஒரு சடங்காக நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வால்வு நோய் உள்ள பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, அப்பா பேனாவை எடுத்த பிறகு, "எக்கோ எடுக்க ஆம்பளை டாக்டர் வருவாரா?" என்று கேட்டாள். பெண் மருத்துவர் எடுப்பார், அம்மா பக்கத்திலேயே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினாள். பெற்றோரும் நாங்களும் அதுவரை பேசிக்கொண்டிருந்தது ஊசியைப் பற்றி மட்டுமே.

கடைசியாக ஒன்று: ஆய்வு முடிந்த பிறகு என்ன? மருந்து குழந்தைக்கு நன்றாக ஒத்துக்கொண்டால், அது தொடர்ந்து கிடைக்குமா? எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால் ஆய்வுக்குப் பிறகும் மருந்தை இலவசமாகத் தர அதே 2019 விதிகளில் வழி உண்டு. அதை முடிவில் கேட்பதைவிடச் சேரும் நாளிலேயே கேட்டு, பதிலை உங்கள் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வின் முடிவு என்ன ஆனது என்று உங்களுக்கும் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் போன் நம்பர் மாறினால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.