பேட்டர்ன்: அளவு ஜாக்கெட்டும் வாய்பாடும்

மதுரையில் எந்தத் தையல் கடைக்குத் துணியோடு போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீகளாக்கா?" அதை விரித்து வைத்துத்தான் புதுத் துணியில் கத்தரி போடுவார் டைலர். ஆங்கில வகுப்பில் பிள்ளைகளை மிரட்டும் சென்டென்ஸ் பேட்டர்னும் ஓர் அளவு ஜாக்கெட்தான்.

பேட்டர்ன் என்ற சொல் பிறந்த கதையும் அப்படியே. லத்தீனில் பாட்டர் என்றால் தந்தை. அதிலிருந்து காப்பவர் என்ற பொருளில் பாட்ரோனுஸ் வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. புரவலரைப் பார்த்துத்தானே மற்றவர்கள் நடப்பார்கள்? அதனால் 'பார்த்துச் செய்யும் மாதிரி' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. பேட்ரன் (புரவலர்), பேட்டர்ன் இரண்டும் ஒரே சொல்லாக இருந்து பிற்பாடு தனிக்குடித்தனம் போனவை.

ஆங்கில வாக்கியத்தின் அடிப்படை மாதிரிகள் ஐந்து என்று 1904இல் வகுத்துக் காட்டியவர் இலக்கண அறிஞர் சி.டி. ஆனியன்ஸ். (ஆமாம், வெங்காயமேதான்.) மாதிரிகளை எழுத்துகளால் குறிப்பார்கள்: எஸ் எழுவாய், வி வினை, ஓ செயப்படுபொருள், சி நிரப்பி (பொருளை நிறைவாக்கும் சொல்). எத்தனை பேர் கூட வர வேண்டும் என்று முடிவு செய்வது வினை. 'ஸ்லீப்' எழுவாயோடு திருப்தி அடையும். 'பை' வந்தால் எதை வாங்கினாய் என்று கேட்கும்.

சென்டென்ஸ் பேட்டர்னைத் தமிழில் 'வாக்கிய அமைப்பு' என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் ஸ்ட்ரக்சருக்கும் அதே சொல்தான். எனக்கு 'வாய்பாடு' பொருத்தமாகப் படுகிறது. பெருக்கல் ஞாபகம் வரும், வரட்டும். 'படித்து', 'ஓடி', 'வந்து' எல்லாம் 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்று பள்ளியில் படித்தோமே, அந்த வாய்பாடு. படிப்பதும் ஓடுவதும் வேறு வேறு வேலை; அளவு எடுத்தது 'செய்து' என்ற ஒரே ஜாக்கெட்டில். தொல்காப்பியமே 'செய்து, செய்யூ, செய்பு' என்று இவற்றை அடுக்குகிறது. யாப்பில் தேமா, புளிமா செய்வதும் இதே வேலை.

சரி, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? விளக்குத்தூண் பக்கம் போய், "நண்பனுக்கு ஜிகர்தண்டா வாங்கினேன்" என்றாலும் "ஜிகர்தண்டா நண்பனுக்கு வாங்கினேன்" என்றாலும் நமக்குக் குழப்பமில்லை. 'கு' உருபு பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் உருபின் வேலையை இடம் செய்கிறது. "ஐ பாட் மை ஃபிரண்ட் எ ஜிகர்தண்டா" சரி. 'ஃபார்' போடாமல் வரிசையை மட்டும் மாற்றி "ஐ பாட் எ ஜிகர்தண்டா மை ஃபிரண்ட்" என்றால், ஜிகர்தண்டாவுக்கு நண்பனை வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும்.